சிக்மாவுக்கு எல்லை வகுத்த அறிஞர் வோல்ற்றர் ஷூஹாட்

கிரேக்க மொழியின் நெடுங்கணக்கிற் பதினெட்டாவதாக நிற்பது சிக்மா என்னும் எழுத்து. எத்தனையோ எழுத்துக்கள் தம் மொழியின் எல்லைக்குள்ளேயே வாழ்ந்து அடங்குகின்றன. சிக்மாவோ தன் எல்லையைக் கடந்து விஞ்ஞானக் கலைகள் அனைத்திற்கும் பொதுச்சொத்தாகிவிட்டது. எம் கல்லூரியிற் கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் கற்ற எவரும் அதனைச் சந்தியாது வெளியேறியிருத்தல் இயலாது. கணித ஆசிரியர் அதனைப் பேரெழுத்தாகக் கரும்பலகையில் எழுதினால் அது கூட்டுத்தொகையைக் குறிக்கும். இவ்வழக்கை 1755 ஆம் ஆண்டிலே தொடக்கிவைத்தவர் ஒயிலர் என்னும் சுவிற்சலாந்துக் கணித மேதை. அதனையே சிற்றெழுத்தாக எழுதுங்கால் அது கொள்ளும் பொருள்கள் பல. பொறியியலாளருக்கு அது தகைப்பு, அஃதாவது ஓரலகு பரப்பின்மீது தாக்கும் விசை. மின்னியலாருக்கு அது கடத்துதிறன். வெப்பவியலாருக்கு அது சூடான பொருளொன்று வீசும் கதிர்ப்பைக் கணிக்க உதவும் ஸ்ரெபான், போல்ற்ஸ்மன் ஆகியோர் பெயரால் வழங்கும் மாறிலி. இரசாயனருக்கு அது இரண்டு அணுக்களின் இலத்திரன் முகில்கள் நேருக்கு நேர் பொருந்துவதால் உண்டாகும் பிணைப்பின் பெயர்.

இவையனைத்தினும் மேலாக, மனிதர் தம் அன்றாட முயற்சிகளோடு நெருங்கிய தொடர்புடைய பொருள் ஒன்று சிக்மாவுக்கு உண்டு. அதுவே நியம விலகல். ஒரு தொகுதி அளவீடுகள் தம் இடையிலிருந்து எவ்வளவு தூரம் சிதறி நிற்கின்றன என்பதை ஒரே எண்ணாற் கூறுவது அது. 1894 ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையில் அதற்குச் சிக்மாவைக் குறியீடாக வழங்கியவர் லண்டன் மாநகர்ப் பேராசிரியர் கார்ல் பியேர்சன். அவர் தந்த அளவுகோலைக் கையில் எடுத்துத் தொழிற்சாலைக்குட் புகுந்து, எப்பொழுது ஒரு வேலையிற் கைவைக்க வேண்டும், எப்பொழுது கைகட்டி நிற்க வேண்டும் என உலகுக்கு உணர்த்தியவர் வோல்ற்றர் ஷூஹாட். அப்பெரியாரது வாழ்க்கையை எம் கல்லூரி விழா மலர் வாசகர்களுக்கு எடுத்துக் கூறுவதே யாம் இங்கு மேற்கொண்ட பணி.

இளமையும் கல்வியும்

வோல்ற்றர் அன்ரூ ஷூஹாட் 1891 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18 ஆந் திகதி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இலினோய் மாநிலத்திலுள்ள நியூ கன்ரன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இலினோய்ப் பல்கலைக்கழகத்திற் பயின்று இளமாணி, முதுமாணிப் பட்டங்களைப் பெற்றார். 1914 ஆம் ஆண்டில் எட்னா ஹாட் என்னும் நங்கையை மணந்தார். பின்னர்க் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தை அடைந்து, பௌதிகத்தில் ஆராய்ச்சி நிகழ்த்தி, 1917 ஆம் ஆண்டிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். மேற்கூறிய இரு பல்கலைக்கழகங்களிலும் கற்பித்ததோடு, விஸ்கொன்சின் மாநிலத்தின் லா குறோஸ் நகரிலுள்ள ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிற் பௌதிகப் பகுதித் தலைவராகவுஞ் சிலகாலம் பணிபுரிந்தார்.

அவர் கற்ற துறை பௌதிகம் என்பதை வாசகர் மனங்கொள்ள வேண்டும். ஆய்வுகூடத்தில் ஒரே பொருளைப் பலமுறை அளப்பவர், ஒவ்வொரு முறையும் ஒரே விடையைப் பெறுவதில்லை. ஊசலின் அலைவுக் காலத்தை நிறுத்தற் கடிகாரத்தால் அளந்து பார்த்த எம் மாணவரும் இதனை நன்கறிவர். ஊசலும் அதுவே, கையும் அதுவே. ஆயினும் எண்கள் மாறுகின்றன. இம்மாறுபாடு பிழையன்று, இயற்கை. எத்துணைத் திறமையாளர் அளப்பினும் அது முற்றாக ஒழிவதில்லை. இவ்வுண்மையோடு பழகிய மனத்தோடுதான் ஷூஹாட் தொழிற்சாலையின் வாயிலை மிதித்தார்.

தொலைபேசித் தொழிற்சாலையில்

1918 ஆம் ஆண்டில் அவர் வெஸ்ரேண் இலெக்ற்றிக் என்னும் கம்பனியின் பொறியியற் பகுதியிற் சேர்ந்தார். அமெரிக்காவின் பெரும்பகுதிக்குத் தொலைபேசிச் சேவை வழங்கிய பெல் நிறுவனத்துக்கு வேண்டிய கருவிகளைச் செய்துகொடுத்தது இக்கம்பனியே. சிக்காக்கோ நகரின் அருகே ஹோதோண் என்னுமிடத்தில் அமைந்த அதன் பெருந் தொழிற்சாலையிற் பல்லாயிரவர் வேலைசெய்தனர். தொலைபேசிக் கருவிகளுள் ஒலியைப் பெருக்குவன போன்ற சில, நிலத்தின் கீழே புதைக்கப்படுவன. ஒருமுறை புதைத்தபின் அவற்றிற் பழுது நேரின் நிலத்தைத் தோண்டியெடுத்தே திருத்தல் வேண்டும். ஆகவே பழுதில்லாப் பொருளைச் செய்ய வேண்டிய அவசியம் பெரிதாயிருந்தது.

அக்காலத் தொழிற்சாலைகளில் இதற்குக் கையாளப்பட்ட வழி ஒன்றே. செய்து முடித்த பொருள்களை இறுதியில் ஒருவர் பரிசோதித்து, நல்லனவற்றை அனுப்பித் தீயனவற்றைக் கழித்துவிடுவர். கழிக்கப்பட்ட பொருளுக்குச் செலவான உழைப்பும் உலோகமும் வீணாவன. அன்றியும், அளவு சிறிது கூடியது என்றவுடன் இயந்திரத்தைக் குறைத்துத் திருப்புவர். சிறிது குறைந்தது என்றவுடன் கூட்டித் திருப்புவர். பொருளைச் சீராக்கும் நோக்குடன் செய்யப்பட்ட இத்திருத்தங்கள் அதனைச் சீர்கெடுக்கவே உதவின. திருத்தத் திருத்த மாறுபாடு ஏன் பெருகுகிறது என்பதே அங்கிருந்த பொறியியலாளரை வருத்திய வினா.

1924 ஆம் ஆண்டு மே மாதம் 16 ஆந் திகதி, ஷூஹாட் தம் மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதியனுப்பினார். அஃது ஏறக்குறைய ஒரு பக்க அளவினதே. அதிலும் மூன்றிலொரு பங்கை ஒரு வரைபடமே நிரப்பியிருந்தது. இன்று உலகமெங்குந் தரக்கட்டுப்பாட்டு அட்டவணை என வழங்கும் கருவி பிறந்தது அந்நாளிலேயே. பெருநூல்களாற் சாதிக்க முடியாததைச் சிலவேளை ஒரு சிறு கடதாசி சாதித்துவிடுகின்றது.

மூன்று சிக்மா எல்லை

அவ்வட்டவணையின் அமைப்பு மிக எளியது. ஒவ்வொரு மணி நேரமும் நான்கைந்து பொருள்களை எடுத்து அளந்து அவற்றின் இடையைக் காணல் வேண்டும். அவ்விடையை ஒரு புள்ளியாகத் தாளிற் குறித்தல் வேண்டும். தாளின் நடுவே பொது இடையைக் காட்டும் ஒரு கோடு செல்லும். அதற்கு மேலே மூன்று சிக்மாத் தூரத்தில் ஒரு கோடும், கீழே மூன்று சிக்மாத் தூரத்தில் ஒரு கோடும் வரையப்படும். புள்ளிகள் இரு கோடுகளுக்கும் நடுவே ஒழுங்கின்றிச் சிதறி நிற்கும்வரை வேலையில் தலையிடலாகாது. ஒரு புள்ளி கோட்டைக் கடந்து வெளியே விழுமாயின் உடனே வேலையை நிறுத்தி, நேர்ந்தது யாது என ஆராய்தல் வேண்டும்.

இதன் அடியில் உள்ள கருத்து ஆழமானது. மாறுபாட்டுக்குரிய காரணங்களை ஷூஹாட் இரு வகையாகப் பகுத்தார். ஒன்று தற்செயற் காரணங்கள். காற்றின் ஈரம், உலோகத்தின் நுண்ணிய வேற்றுமை, இயந்திரத்தின் அதிர்வு, கையின் சிறு நடுக்கம் எனப் பலவாய், ஒவ்வொன்றுஞ் சிறிதாய், எந்நேரமும் உடனிருப்பன இவை. இவற்றுள் ஒன்றை மாத்திரம் பிடித்துக் குற்றஞ்சாட்டல் இயலாது. மற்றையது குறித்துணரத்தக்க காரணம். தேய்ந்த வெட்டுக்கருவி, கலப்படமான உலோகம், பயிற்சியற்ற புதிய தொழிலாளி என இன்னது எனச் சுட்டிக் கண்டுபிடித்து நீக்கத்தக்கது இது. சிக்மாவைக் கொண்டு வரைந்த எல்லைக்கோடு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் வேலியாயிற்று.

ஆகவே மேற்பார்வை செய்வோர் இழைக்கக்கூடிய தவறுகளும் இரண்டு. தற்செயலாய் நேர்ந்ததற்குத் தனிக்காரணம் தேடித் தலையிடுவது ஒன்று. தனிக்காரணம் உண்மையாகவே இருக்க, அதனைத் தற்செயல் என விட்டுவிடுவது மற்றொன்று. முதலாந் தவறின் விளைவைக் கணிதமே காட்டும். ஒரு பொருளின் அளவு இலக்கினின்று எவ்வளவு விலகிற்றோ அவ்வளவுக்கு இயந்திரத்தை எதிர்ப்பக்கந் திருப்பி, ஒவ்வொரு பொருளுக்கும் பின்னர் இவ்வாறே செய்துவருவோமாயின், அடுத்த பொருளில் அதன் சொந்த விலகலோடு முந்திய பொருளின் விலகலும் எதிராகச் சேர்ந்துகொள்ளும். இதனால் சிக்மாவின் வர்க்கம் இருமடங்காகும். சிக்மா நூற்றுக்கு ஏறக்குறைய 41 பங்கு பெருகும். கைகட்டி நின்றவன் செய்ததிலும் ஓயாது திருத்தியவன் செய்தது கேடாய் முடிகின்றது. ஹோதோண் பொறியியலாளரை வருத்திய வினாவுக்கு விடை இதுவே.

எல்லையை மூன்று சிக்மாவில் வகுத்ததன் காரணம் யாது? செவ்வன் பரம்பலில் இடையிலிருந்து ஒரு சிக்மாத் தூரத்துக்குள் நூற்றுக்கு 68 பங்கும், இரு சிக்மாவுக்குள் 95 பங்கும், மூன்று சிக்மாவுக்குள் 99.73 பங்கும் அடங்கும். எல்லையை நெருக்கி வகுத்தால் ஓயாது பொய்யபாயம் ஒலிக்கும். அகற்றி வகுத்தால் உண்மையபாயமும் ஒலியாது போகும். இவ்விரு தவறுகளாலும் நேரும் நட்டத்தைச் சீர்தூக்கி, நடைமுறையில் நன்கு பயன்படுவது மூன்று சிக்மாவே என்று அவர் துணிந்தார். நிகழ்தகவு அட்டவணையைக் காட்டிலும் அநுபவத்தையும் சிக்கனத்தையுமே அவர் பெரிதாக மதித்தார். தவறினால் நேரும் நட்டம் மாறுபடின் எல்லையும் மாறுபடும் என்பது இதனால் விளங்கும். அணுத்துணிக்கைகளை ஆராயும் பௌதிகர் புதிய துணிக்கையொன்றைக் கண்டதாகப் பறைசாற்றுமுன் ஐந்து சிக்மா வேண்டும் என்பர். தற்செயலால் அத்தகைய விளைவு தோன்றும் வாய்ப்பு ஏறக்குறைய 35 இலட்சத்தில் ஒன்று. 2012 ஆம் ஆண்டு யூலை மாதம் ஹிக்ஸ் துணிக்கை பற்றிய செய்தி இவ்வெல்லையை எட்டிய பின்னரே உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

நூல்களும் நண்பர்களும்

1925 ஆம் ஆண்டில் பெல் தொலைபேசி ஆய்வுகூடம் நிறுவப்பட்டபொழுது ஷூஹாட் அங்கே மாற்றம் பெற்றார். 1956 ஆம் ஆண்டில் ஓய்வுபெறும்வரை அவருடைய பணிமனை அதுவேயாயிற்று. தம் கொள்கையைச் சோதித்தறியப் பொருட்டாக அவர் செய்த ஒரு பரிசோதனை எளிமையாற் புகழ்பெற்றது. 998 சில்லுகளில் எண்களை எழுதி ஒரு கிண்ணத்தில் இட்டார். ஒரு சில்லை எடுத்து, எண்ணைக் குறித்து, மீளவும் உள்ளே இட்டுக் கலக்கி, இவ்வாறு 4,000 முறை செய்தார். செவ்வன் பரம்பலைச் சாராத வேறு கிண்ணங்களிலிருந்தும் இங்ஙனம் எடுத்துப் பார்த்து, நந்நான்காக எடுத்த எண்களின் இடைகள் செவ்வன் பரம்பலுக்கு அண்மையாகவே நடந்துகொள்வதைக் கண்டார். பெரிய ஆய்வுகூடத்தில் இருந்தும், கிண்ணமுஞ் சில்லுமே அவருக்குப் போதிய கருவிகளாயின.

செய்பொருள்களின் தரத்தைச் சிக்கனமாகக் கட்டுப்படுத்தல் பற்றிய அவரது பெருநூல் 1931 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் அவர் லண்டன் பல்கலைக்கழகத்திற் சொற்பொழிவுகள் ஆற்றினார். சிக்மாவுக்குப் பெயர்சூட்டிய கார்ல் பியேர்சனின் மைந்தர் ஈகன் பியேர்சன், ஷூஹாட்டின் முறைகளில் ஈடுபட்டு, 1935 ஆம் ஆண்டிற் பிரித்தானிய நியமமாக வெளிவந்த தரக்கட்டுப்பாட்டு நூலை எழுதினார். தந்தை தந்த எழுத்து, கடல் கடந்து சென்று தொழில் பழகி, மைந்தரின் கைக்கு மீண்டு வந்தது எனலாம்.

வாழ்நாளில் அவருக்குப் பெருமைகள் வாராமற் போகவில்லை. கணிதப் புள்ளிவிபரவியல் நிறுவனமும் அமெரிக்கப் புள்ளிவிபரவியற் சங்கமும் அவரைத் தலைவராகக் கொண்டன. 1946 ஆம் ஆண்டிலே தோன்றிய அமெரிக்கத் தரக்கட்டுப்பாட்டுச் சங்கம் அவரைத் தன் முதற் கௌரவ உறுப்பினராக்கி, அவர் பெயரால் ஒரு பதக்கத்தையும் நிறுவிற்று. ஆயினும் அவருக்கு ஒரு மனக்குறை இருந்ததென அவரை நன்கறிந்தோர் எழுதியுள்ளனர். கணிதப் புள்ளிவிபரவியலார் பலர் அவருடைய நோக்கினை விளங்கிக்கொள்ளவில்லை. அவர்கள் சூத்திரங்களைக் கண்டனர். சூத்திரங்களின் பின்னே நின்ற தொழிற்சாலையைக் காணவில்லை. குற்றம் ஒருபுறம் மாத்திரம் இருந்ததென்றுஞ் சொல்வதற்கில்லை. ஷூஹாட்டின் நடை கடினமானது. எவருந் தவறாகப் பொருள்கொள்ளக் கூடாதென ஒவ்வொரு வாக்கியத்தையும் இறுக்கிச் சென்றமையால், எவரும் பொருள்கொள்ளவே முடியாமற் போயிற்றென அவரது நண்பர் எட்வேட்ஸ் டெமிங் பிற்காலத்தில் நகைச்சுவையாகக் கூறுவதுண்டு.

அந்த டெமிங்கே அவருக்குக் கிடைத்த பெரும் பேறு. 1938 ஆம் ஆண்டில் வாஷிங்டனிலுள்ள விவசாயத் திணைக்களத்தின் பட்டப்பின் கல்லூரியில் நான்கு சொற்பொழிவுகள் நிகழ்த்துமாறு ஷூஹாட்டை அழைத்தவர் அவர். அவற்றை ஒழுங்குசெய்து 1939 ஆம் ஆண்டில் நூலுருவில் வெளிக்கொணர உதவியவரும் அவரே. ஆசிரியருக்கு அரிய மாணாக்கர் ஒருவர் வாய்ப்பின், ஆசிரியரது சொல் அவர் செல்லாத நாடுகளுக்குஞ் செல்லும் என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.

நாடுகள் பலவற்றில்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஷூஹாட்டின் அட்டவணைகள் அமெரிக்காவின் போர்க்கால நியமங்களாக 1941, 1942 ஆம் ஆண்டுகளில் வெளியிடப்பட்டன. போர்த்தளபாடங்கள் செய்த தொழிற்சாலைகளிற் பணியாற்றியோர் அவற்றைக் கற்றனர். போர் முடிந்தபின் 1947, 1948 ஆம் ஆண்டுகளில், கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளிவிபரவியற் கழகத்தை நிறுவிய பேராசிரியர் மகலநோபிஸ் அவர்களின் ஆதரவில் ஷூஹாட் இந்தியாவுக்கு வந்தார். அப்பொழுதுதான் விடுதலை பெற்ற நாட்டிலே ஊர்தோறுஞ் சென்று, மகாநாடுகளிற் கலந்து, தொழிலதிபர்களின் மனத்திற் புதிய முறையை விதைத்துச் சென்றார். இந்தியத் தொழிற்சாலைகளிற் புள்ளிவிபரவியல் வழித் தரக்கட்டுப்பாடு வேரூன்றுவதற்கு இவ்வருகை பெரிதும் உதவிற்று.

1950 ஆம் ஆண்டில் டெமிங் யப்பானுக்குச் சென்று, போரால் நலிவுற்ற அந்நாட்டின் பொறியியலாளருக்கும் முதலாளிமாருக்கும் ஷூஹாட்டின் முறையைக் கற்பித்தார். மலிவான, நிலையாத பொருளுக்குப் பெயர்போன நாடு, சில பத்தாண்டுகளில் உலகம் நம்பிக்கையோடு வாங்கும் பொருள்களைச் செய்யும் நாடாயிற்று. இம்மாற்றத்துக்கு யப்பானியரின் உழைப்பே முதற் காரணம். ஆயினும் அவ்வுழைப்புக்கு வழிகாட்டிய கருவிகளுள் 1924 ஆம் ஆண்டின் அச்சிறு வரைபடமும் ஒன்றென்பதை மறுத்தல் இயலாது.

ஷூஹாட் 1967 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11 ஆந் திகதி நியூ ஜேர்சி மாநிலத்தில் இவ்வுலக வாழ்வை நீத்தார். எழுபத்தாறாவது பிறந்தநாளுக்கு அப்பொழுது ஒரு வாரமே இருந்தது. அவர் சாந்த குணமும் பண்பும் நிறைந்தவர், எக்காலத்தும் நிதானம் இழவாதவர் என உடன் வாழ்ந்தோர் நினைவுகூர்ந்தனர்.

அவருக்குப் பின்

அவர் மறைந்து ஏறக்குறைய இருபதாண்டுகளின் பின்னர், 1986 ஆம் ஆண்டில், மொட்டோறோலா என்னும் அமெரிக்கக் கம்பனியின் பொறியியலாளர் பில் சிமித் என்பவர் ஆறு சிக்மா என்னும் முறையை உருவாக்கினார். இன்று வங்கிகளிலும் வைத்தியசாலைகளிலும் இப்பெயர் வழங்குகின்றது. பத்து இலட்சத்தில் 3.4 பழுதுக்கு மேல் நேரலாகாது என்பது அதன் இலக்கு. உண்மையில் செவ்வன் பரம்பலில் ஆறு சிக்மாவுக்கு வெளியே விழுவன நூறு கோடியில் இரண்டே. காலப்போக்கில் வேலையின் இடை ஒன்றரைச் சிக்மா அளவுக்கு நகரக்கூடும் எனக் கொண்டு, எஞ்சிய நாலரைச் சிக்மாவுக்குக் கணித்ததே 3.4 என்னும் எண். இங்கே வாசகர் ஒரு வேற்றுமையைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஷூஹாட்டின் மூன்று சிக்மா, எப்பொழுது தலையிடுவது என்பதற்குரிய எல்லை. பிற்காலத்தாரின் ஆறு சிக்மா, வாங்குவோர் ஏற்கும் அளவினின்று வேலையின் இடை எவ்வளவு தள்ளி நிற்றல் வேண்டும் என்பதற்குரிய இலக்கு. எழுத்து ஒன்றே, பணி வேறு.

இப்பெரியாரின் வாழ்க்கை தொழிற்சாலைக்கு மாத்திரம் உரியதன்று என்பது எம் துணிபு. ஒரு மாணவனின் மாதப் பரீட்சைப் புள்ளிகளின் இடை 62 எனவும் நியம விலகல் 4 எனவும் கொள்வோம். ஒரு மாதம் 66 பெற்றால் பாராட்டுகின்றோம். மறுமாதம் 58 பெற்றால் கண்டிக்கின்றோம். இரண்டும் தற்செயலின் விளைவாயிருத்தல் கூடும். கண்டித்தபின் அவன் 63 பெற்றால் எம் கண்டிப்பே அவனைத் திருத்தியதென மகிழ்கின்றோம். ஆனால் அதே மாணவன் ஒருநாள் 45 பெறுவானாயின், அது மூன்று சிக்மா எல்லைக்கு அப்பாற்பட்டது. அப்பொழுது வேண்டுவது கண்டிப்பன்று, விசாரணை. கண்பார்வை குன்றியதோ, வீட்டில் நோயோ வறுமையோ புகுந்ததோ என அன்போடு கேட்டறிதல் வேண்டும். வகுப்பு முழுவதன் இடையே தாழ்ந்து நிற்குமாயின் தனி மாணவரை நோவதிற் பயனில்லை. கற்பிக்கும் முறையையே மாற்றுதல் வேண்டும்.

எம் பழைய மாணவருள் வைத்தியரும் பொறியியலாளரும் நிர்வாகிகளும் ஆசிரியரும் பலர் உளர். அவர்கள் அனைவருக்கும் கீழே மனிதர் வேலைசெய்கின்றனர். தற்செயலுக்கு ஒருவனைத் தண்டிப்பது அநீதி. கண்டறியத்தக்க காரணத்தைக் காணாதிருப்பது அசட்டை. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு கோடு வரைய முடியும் என்பதையும், அக்கோட்டைக் கோபத்தாலன்றிக் கணக்கால் வரைதல் வேண்டும் என்பதையும் ஷூஹாட் காட்டிச் சென்றார். எம் இளைய மாணவர் இனிக் கரும்பலகையிற் சிக்மாவைக் காணும்பொழுது, பரீட்சைக்குரிய குறியீடாக மாத்திரம் அதனைக் கொள்ளாது, தீர்ப்புக் கூறுமுன் நிதானிக்க நினைவூட்டும் எழுத்தாகவுங் கொள்வாராக.